பாயிண்ட் கூட்டி இனம் படைக்காதீங்க சாமி!

நேராகவே சொல்லிவிடுகிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்குச் சொந்தமாக ஒரு இனத்தை உருவாக்கிவிட்டு, "கூட்டிப் பார்த்துட்டேன், பேலன்ஸ் சரியா இருக்கு" என்று எக்ஸெல் ஷீட்டை நீட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருட்டில் பார்வைக்கு இவ்வளவு, விஷம் ஏறாததற்கு இவ்வளவு, வெயிலில் கண் கூசுவதற்கு மைனஸ் இவ்வளவு. அடியில் கோடு போட்டுக் கூட்டினால் ட்வார்ஃபுக்கு வரும் அதே எண் வருகிறது. ஆகவே அனுமதி கொடு! இது என்ன, ரேஷன் கார்டுக்கு மனு போடுகிற மாதிரியா?

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ரெண்டு வரி. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, இருபது முகப் பகடையை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. கதையை நடத்துபவர் டி.எம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தொழில் உண்டு (ஃபைட்டர், விசார்ட், ரோக் இப்படி), ஒரு இனமும் உண்டு (மனிதன், எல்ஃப், ட்வார்ஃப், ஹாஃப்லிங் இப்படி). புத்தகத்தில் இருப்பது போதாது என்று வீட்டிலேயே தயாரித்துக்கொள்வதை ஹோம்ப்ரூ என்பார்கள். புரிந்தவர்கள் மேலே வாங்க, புரியாதவர்களும் வாங்க, சண்டை எல்லாருக்கும் பொது.

சொந்த இனம் வேண்டும் என்கிற ஆசையில் எந்தத் தப்பும் இல்லை. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸனும் வெளியிட்ட முதல் புத்தகத்திலேயே இதற்கு வழி இருந்தது. கிட்டத்தட்ட எதுவாக வேண்டுமானாலும் ஆடலாம், டிராகனாகக்கூட ஆடலாம், ஆனால் பலவீனமான குட்டி டிராகனாக ஆரம்பித்து மற்றவர்களைப் போல மெதுவாக வளர்ந்து வா, அவ்வளவுதான் நிபந்தனை. பாயிண்டும் இல்லை, பட்டியலும் இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய அந்த ஒரு வரியில் இருக்கிற புத்தி, பின்னாடி வந்த தடிமனான புத்தகங்களில் இல்லை என்பது என் கட்சி.

ஆனால் அதே புத்தகம்தான் முதல் கோளாறையும் ஆரம்பித்து வைத்தது. ட்வார்ஃப் ஆறாம் லெவலுக்கு மேல் போக முடியாது. ஹாஃப்லிங் (அப்போது அவருக்கு ஹாபிட் என்று பேர்) நாலாம் லெவலோடு சரி. மனிதனுக்கு மட்டும் உச்சவரம்பு இல்லை. மற்ற இனங்களுக்கு இருக்கிற கூடுதல் சக்திகளுக்கு இதுதான் விலையாம். யோசித்துப் பாருங்கள், மூணாம் லெவலில் நின்றுபோன ஆட்டத்தில் ஹாஃப்லிங் எடுத்தவன் எல்லாவற்றையும் ஓசியில் அனுபவித்தான். பத்தாம் லெவல் வரை போன ஆட்டத்தில் அதே ஹாஃப்லிங், கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி மற்றவர்கள் சாப்பிட்டு முடித்த இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு எடுத்துக்கொண்டதற்குப் பிறகு எப்போதாவது கட்டணம் கட்டு என்பது பேலன்ஸ் இல்லை, கந்துவட்டி.

1981-ல் வந்த பேஸிக் புத்தகத்தில் கொஞ்சம் நியாயம் தெரிந்தது. அங்கே எல்ஃப் என்பதே ஒரு தொழில். கத்தியும் பிடிப்பார், மந்திரமும் போடுவார். ரெண்டாம் லெவலுக்கு ஃபைட்டருக்கு 2,000 அனுபவப் புள்ளி போதும், மேஜிக்-யூசருக்கு 2,500 வேண்டும், எல்ஃபுக்கு 4,000. லெவல் வரம்பு அங்கேயும் உண்டு, எல்ஃபுக்குப் பத்து. இருந்தாலும் ரெண்டு வேலைக்கு ரெண்டு சம்பளப் பிடித்தம் என்கிறபடி, விலை முதல் நாளிலிருந்தே சீராகப் பிடிக்கப்படுகிறது. இதுவரை போட்ட விலைகளில் இதுதான் குறைந்த அநியாயம் என்பேன்.

அப்புறம் வந்தது மூன்றாம் பதிப்பு. லெவல் அட்ஜஸ்ட்மெண்ட் என்று ஒரு உட்டாலக்கடி. 2003-ல் வந்த 3.5 விதிகளில் ட்ரௌ இனத்துக்கு ப்ளஸ் 2. அதாவது ட்ரௌ எடுத்தால் ரெண்டு லெவல் கடன். கூட இருப்பவர்கள் அஞ்சாம் லெவல் என்றால் நீங்கள் தொழிலில் மூணாம் லெவல்தான். ட்ரௌ ஃபைட்டர் இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிப்பார். விசார்டின் கதி? அஞ்சாம் லெவல் மனித விசார்ட் ஃபயர்பால் போட்டு அறையையே கொளுத்துகிறார், அதே கூட்டத்தில் ட்ரௌ விசார்ட் ரெண்டாம் படி மந்திரத்தோடு ஓரமாக நிற்கிறார். ரெண்டு பேர் கட்டியதும் ஒரே விலை, ஒருத்தருக்குக் கீறல், இன்னொருத்தருக்குக் கால் போச்சு. அதுவும் எதற்காக? நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் இருட்டு வரவழைக்கலாம் என்கிற மாதிரி சில்லறைகளும், இன்டெலிஜென்ஸில் ஒரு ப்ளஸ் 2-வும், கொஞ்சம் மந்திர எதிர்ப்பும். மூணாம் லெவலில் ஜோராக இருக்கிற அந்த இருட்டு பதினைந்தாம் லெவலில் ஒரு பொருட்டே இல்லை, கடன் மட்டும் அப்படியே நிற்கும். மினோட்டார் இன்னும் மோசம். பிறவியிலேயே ஆறு ஹிட் டைஸ், அதோடு ப்ளஸ் 2, ஆகமொத்தம் எட்டாம் லெவல் ஆள். முதல் லெவலில் தொடங்கும் ஆட்டத்தில் மினோட்டாராக வர ஆசைப்பட்டவன் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். இதற்குப் பரிகாரமாக 2003-ல் 'சாவேஜ் ஸ்பீஷீஸ்' என்று ஒரு முழுப் புத்தகம். 2004-ல் 'அன்எர்த்டு ஆர்க்கேனா'வில் அனுபவப் புள்ளியைக் கொடுத்து அந்தக் கடனை அடைத்துக்கொள்ளும் திட்டம். விதியைப் போடுவானேன், அப்புறம் தள்ளுபடி விற்பானேன்?

கடைசியாக நம்ம எக்ஸெல் அண்ணாச்சிகளின் குலதெய்வம். பாத்ஃபைண்டர்காரர்கள் 2012-ல் வெளியிட்ட 'அட்வான்ஸ்டு ரேஸ் கைடு'. ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு விலை போட்டு, மனிதன் 9 பாயிண்ட், எல்ஃப் 10, ட்வார்ஃப் 11 என்று கூட்டிக் காட்டிய புத்தகம். சும்மா சொல்லக்கூடாது, உழைப்பு அபாரம். ஆனால் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. மளிகைக்கடையில் உப்புக்கும் சர்க்கரைக்கும் விலை போடலாம், எந்த வீட்டுக்குக் கொண்டுபோனாலும் கிலோ கிலோதான். இனத்தின் குணத்துக்கு அப்படி ஒரு நிலையான எடை கிடையாது.

கோபால்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் வந்த 'வோலோஸ் கைடு'வில் இருந்த கோபால்டுக்கு ஒரு வரம், ஒரு சாபம். கூட்டாளி எதிரிக்குப் பக்கத்தில் நின்றால் ரெண்டு பகடை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். வெயிலில் இருந்தால் ரெண்டு உருட்டி மட்டமானதை எடுக்க வேண்டும். ரெண்டும் ஒன்றாக வந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாதாரணமாகிவிடும். தாளில் படித்தால் அடடா, என்ன பேலன்ஸ்! இப்போது மேசைக்கு வாங்க. ஆட்டம் முழுக்கப் பாலைவனத்தில் நடந்தால், இவன் வரமே இல்லாத நோஞ்சான். ஆட்டம் முழுக்கச் சுரங்கத்தில் நடந்தால், சாபம் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. 11 விழுந்தால் அடி என்கிற இடத்தில் மற்றவனுக்கு 50 சதவீதம், இவனுக்கு 75. விளையாட்டின் பேரிலேயே டன்ஜன் இருக்கிறதே ஐயா, சூரியன் எங்கிருந்து வரும்? வெயில் கூசும் என்பதற்கு எக்ஸெல் ஷீட்டில் பாயிண்ட் திரும்பக் கொடுக்கிறீர்களே, அது யார் அப்பன் வீட்டுக் காசு? 2022-ல் வந்த புத்தகத்தில் அந்த வரத்தையும் சாபத்தையும் சேர்த்தே தூக்கிவிட்டார்கள். ஆக, அந்தக் குணத்தின் மதிப்பு கோபால்டிடம் இல்லை, டி.எம். அடுத்த வாரம் எங்கே கூட்டிக்கொண்டு போகப் போகிறார் என்பதில் இருக்கிறது. அதற்கு எந்தக் கட்டத்தில் எண் போடுவீர்கள்?

இதே கூத்துதான் பறப்பதிலும். 2015-ல் ஆராகோக்ரா என்கிற பறவை மனிதர் வந்தார், முதல் லெவலிலேயே 50 அடி வேகத்தில் பறப்பார். உடனே ஒரே கூச்சல். விசார்ட் அஞ்சாம் லெவலில், மனசைக் குவித்து, பத்து நிமிஷம் மட்டும் செய்வதை இவன் பிறந்ததிலிருந்து செய்கிறானே, தடை செய்! பல மேசைகளில் தடையும் செய்தார்கள். சண்டையை மட்டும் பார்த்தால் இந்தப் பயம் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. சாதாரண கோப்ளினிடமே வில் இருக்கிறது, 80 அடி வரை சுளுவாக எய்வான். எட்டு ஹெச்.பி. வைத்திருக்கும் பறவையார் 60 அடி உயரத்தில் வட்டம் போடுகிறார் என்று வையுங்கள். ரெண்டு அம்பு தைத்து மயங்கினால் கீழே வருவார். பத்தடிக்கு ஒரு ஆறுமுகப் பகடை, ஆக ஆறு பகடை, சராசரி 21. எட்டு ஹெச்.பி. ஆளுக்கு, மயங்கிக் கிடக்கையில் ஒரே அடியில் எட்டோ அதற்கு மேலோ விழுந்தால் கதை முடிந்தது. தரையில் விழுந்திருந்தால் நண்பர்கள் ஓடி வந்து காப்பாற்றியிருப்பார்கள், மேலே போனதால் பாடைதான். எந்த பாயிண்ட் முறையும் இந்த ஆபத்தை எண்ணவில்லை.

பறப்பவனால் வரும் நிஜமான தொல்லை வேறு. சுவர், பள்ளம், ஆறு, கோட்டை என்று எது வந்தாலும் "நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்பான். மற்ற நாலு பேரும் மொபைலை எடுத்துவிடுவார்கள். நாலு மணி நேர ஆட்டம், அஞ்சு பேர். சரிபாதியாகப் பிரித்தாலும் ஆளுக்கு 48 நிமிஷம்தான், டி.எம். பேசுகிற நேரத்தைக் கழித்தால் அதில் பாதிகூடத் தேறாது. அந்தப் பாதியில் இன்னொருத்தன் பதினைந்து நிமிஷம் வேவு பார்க்கப் பறந்தால், வாரம் பூராவும் ஆபீஸில் காய்ந்துவிட்டு இந்த ஒரு சாயங்காலத்துக்காக வந்தவனுக்கு என்ன மிச்சம்? பேலன்ஸ் என்று நான் சொல்வது இதைத்தான். அசுரனுக்கும் உங்களுக்கும் நடுவில் பேலன்ஸ் பார்க்க வேண்டியதே இல்லை, டி.எம். இன்னும் ரெண்டு அசுரனைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். மேசையில் உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கும் உங்களுக்கும் நடுவில்தான் பார்க்கணும்.

ஒரு உதாரணம். நான் நடத்தும் ஆட்டத்துக்கு ஒரு நண்பர் 'ஸ்படிக மனிதன்' என்று ஒரு இனத்தைக் கொண்டுவந்தார். உடம்பே கண்ணாடிப் பாறை. ஏ.சி. 18. சாதாரண ஆயுதம் எல்லாம் பாதி அடிதான். சாப்பாடு, மூச்சு எதுவும் வேண்டாம். இதற்கெல்லாம் ஈடாக, நடை 20 அடி, நீச்சல் வராது, கரிஸ்மாவில் மைனஸ் 4, இடி மந்திரத்துக்கு ரெட்டிப்பு அடி. கூட்டினால் சரியாக வருகிறது என்றார். வரட்டும். அந்த மேசையில் ஒரு அம்மா ஃபைட்டராக ஆடுகிறார். ஏ.சி. 18 தரும் முழு உலோகக் கவசம் விதிப்படி 1,500 தங்கக் காசு. நாலு மாசமாகப் புதையல் புதையலாகச் சேர்த்து, குதிரையைக்கூட வாங்காமல், அதை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து மூணு ஞாயிறுதான் ஆகிறது. "இனி வாசலில் நான் நிக்கறேன், நீங்கள்லாம் பின்னாடி வாங்க" என்று அவர் சொன்னபோது அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? இவர் அதைப் பிறப்பிலேயே ஓசியாக வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்பாராம், அதற்கு விலையாக நீச்சல் தெரியாதாம்!

"உமக்கு நிஜமாகவே என்ன வேணும் ஓய்?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் ஏ.சி., ஹெச்.பி. என்றே ஜல்லியடித்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். இருட்டுக் குகையில் யாரோ தீப்பந்தம் பிடிக்க, அந்த வெளிச்சம் இவர் உடம்பு வழியாக உடைந்து சுவரெல்லாம் நிறம் நிறமாகத் தெறிக்கணும். அவ்வளவுதான். அடப்பாவி மனுஷா, இதை முதலில் சொல்வதற்கென்ன! ஆமை மனிதர் டார்ட்டிலின் ஏ.சி. 17-ஐ கொடுக்கலாமா என்று பார்த்தேன், அதுவும் அந்த அம்மாவின் வாசலுக்கு ரொம்பப் பக்கம். ஆகவே சாதாரண மனிதனைவிடக் கொஞ்சம் தடித்த தோல், மூச்சு வேண்டாம், வெளிச்சம் தரும் சின்ன மந்திரம் எப்போதும், ஓய்வுக்கு ஒரு தடவை அந்த நிறவெளிச்சத்தை எதிரி கண்ணில் அடிக்கலாம். பாயிண்ட் கூட்டினால் எவ்வளவு வரும் என்று இந்த நிமிஷம் வரை நான் பார்க்கவில்லை. இவர் கண்ணைக் கூச வைக்க, அந்த அம்மா வெட்ட, ரெண்டு பேரும் ஜோடி போட்டு ஆடுகிறார்கள்.

இன்னொரு வாதம் அடிக்கடி வருகிறது, அதைக் கேட்டால் இன்னும் எரிகிறது. "என் ட்ரௌவை ஊருக்குள் எல்லாரும் வெறுப்பாங்க, கல்லால அடிப்பாங்க, அதுதான் பேலன்ஸ்." 1988-ல் சால்வடோர் நாவலில் ட்ரிஸ்ட் வந்த நாளிலிருந்து இந்தக் கதை ஓடுகிறது. ஐயா, ஊர் உங்களை வெறுத்தால் அந்தக் காட்சி முழுக்க உங்களைப் பற்றித்தானே? சத்திரத்தில் இடம் கிடைக்காமல் மழையில் நனைவது மற்ற நாலு பேரும்தானே? தண்டனை ஊருக்கு, கைதட்டல் உமக்கு. கதையில் வரும் கஷ்டத்தைக் கதைக்காக வைத்துக்கொள்ளுங்கள், அதைக் காட்டி ஏ.சி. கேட்காதீர்கள்.

பலமான இனத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, நோஞ்சான் இனத்தைப் பற்றி ஒருத்தராவது வாயைத் திறக்கிறார்களா? 3.5-ல் ஹாஃப்-ஆர்க் என்று ஒரு பாவப்பட்ட ஜென்மம். ஸ்ட்ரெங்க்தில் ப்ளஸ் 2, பதிலுக்கு இன்டெலிஜென்ஸிலும் கரிஸ்மாவிலும் மைனஸ் 2. ஒன்றைக் கொடுத்து ரெண்டைப் பிடுங்கினார்கள். அதே புத்தகத்தில் மனிதனுக்கு முதல் லெவலில் ஒரு ஃபீட்டும் நாலு ஸ்கில் பாயிண்டும் கூடுதல். பலமான இனத்தை எடுத்தவனை மேசையே சேர்ந்து திட்டும், அன்றைக்கே சரி பண்ணிவிடலாம். நோஞ்சான் இனத்தை எடுத்தவன் ஒன்றும் சொல்ல மாட்டான். தனக்குத்தான் ஆடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வான். ஆறாவது வாரம் "கொஞ்சம் வேலை இருக்கு" என்பான், ஏழாவது வாரம் வர மாட்டான். டி.எம்.கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

ஹாஃப்-ஆர்க் என்றதும் ஒன்று சொல்லியே ஆகணும். 2016 வோலோஸ் புத்தகத்திலும் ஆர்க்குக்கு இன்டெலிஜென்ஸில் மைனஸ் 2 இருந்தது, பிற்பாடு எடுத்தார்கள். 2020 'டாஷாஸ் கால்ட்ரன்' வந்தபோது இனத்தின் ப்ளஸ்களை எதில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். 2024 புத்தகத்தில் ரேஸ் என்கிற சொல்லே போய் ஸ்பீஷீஸ் ஆகிவிட்டது, ப்ளஸ்கள் பாத்திரத்தின் பின்னணிக்கு, அதாவது வளர்ந்த விதத்துக்கும் செய்த வேலைக்கும் போய்விட்டன. "பேலன்ஸ் கெட்டுப்போச்சு, மலை ட்வார்ஃப் விசார்ட் கவசம் மாட்டிக்கிட்டு திரியறான்" என்று ஒரு கோஷ்டி இன்னும் அழுகிறது. அவர்கள் சொல்வதில் கணக்கு சரி. 2014 புத்தகத்தில் மலை ட்வார்ஃபுக்கு இனாமாகக் கவசப் பயிற்சி இருந்தது, ஆனால் ப்ளஸ் 2 ஸ்ட்ரெங்க்திலும் கான்ஸ்டிட்யூஷனிலும் இருந்ததால் விசார்ட் அந்தப் பக்கமே வரவில்லை. வேலியை எடுத்ததும் வந்துவிட்டான். வரட்டுமே! இந்தக் குலத்தில் பிறந்தவனுக்குப் புத்தி இவ்வளவுதான் என்று ஏட்டில் எழுதி வைத்தது என்னவெல்லாம் செய்யும் என்று பார்த்த ஊர்க்காரன் நான். கற்பனை உலகத்தில்கூட அதை ஒரு விதியாக அச்சடித்துக் கையில் கொடுத்தால் எனக்குக் கசக்கிறது. அதற்கு விலை ஒரு கவசம் போட்ட விசார்ட் என்றால் சந்தோஷமாகக் கொடுப்பேன். உங்கள் ஹோம்ப்ரூவிலும் தயவுசெய்து "இந்த இனம் முட்டாள்" என்று மைனஸ் போட்டுப் பாயிண்ட் மிச்சம் பிடிக்காதீர்கள். விசார்டாக ஆடப்போகாதவன் அந்த மைனஸை உணரப்போவதே இல்லை, அதனால் பேலன்ஸும் இல்லை. அசிங்கம் மட்டும் மிச்சம்.

சரி, நீ எப்படித்தான் செய்வாய் என்று கேட்பீர்கள். பெரிய சித்தாந்தம் எல்லாம் இல்லை. புது இனம் வந்தால் முதலில் மற்ற நாலு பேரின் ஷீட்டையும் பக்கத்தில் விரித்து வைப்பேன். இவர்களில் யாராவது பெருமையாகச் செய்கிற ஒரு வேலையை இது ஓசியில் செய்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். செய்தால் அதை வெட்டு, இல்லையென்றால் நாளைக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை என்று எண்ணிக்கை வை. பறக்கிற ஆசாமிக்கு ரெக்கை இருக்கட்டும், முதல் சில லெவலுக்கு ஒரு தாவலில் முடித்துத் தரைக்கு வரட்டும், அப்புறம் வளரட்டும். 1974-ன் குட்டி டிராகன்தான். புத்தகத்தில் இருக்கும் ஏதாவது ஒரு இனத்துக்குப் பெயிண்ட் அடித்தாலே போதுமா என்றும் பார்ப்பேன், பாதிக்கு மேல் போதும். அப்புறம் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவேன்: மூணு ஆட்டம் வெள்ளோட்டம், நாலாவது ஆட்டத்துக்கு முன்னால் கூட்டவோ குறைக்கவோ செய்வேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடாது. குறைத்ததைவிடக் கூட்டிக் கொடுத்ததுதான் அதிகம்.

பி.கு.: அடுத்த ஆட்டத்துக்கு ஒருத்தர் தேன்கூட்டையே ஒரு இனமாகக் கொண்டுவரப் போகிறாராம். ஆயிரம் தேனீக்கள் சேர்ந்து ஒரு ஆள். எக்ஸெல் ஷீட் கொண்டுவரக் கூடாது என்று இப்போதே சொல்லிவிட்டேன். என்ன பேர், எதைக் கண்டால் பயம், ராணித்தேனீ செத்தால் என்ன ஆகும், இந்த மூணுக்கும் பதில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.